டோக்கியோ கபுகிச்சோவில் இரவு நேர ராமென்: பன்றி இறைச்சி உண்ணாதவர் எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

நீலமணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பயிற்சிக்காக வரும் நவம்பரில் டோக்கியோ செல்கிறேன். என்னுடன் பணிபுரியும் தோழி ஒருவரும் வருகிறார். எங்களுக்கு ஒதுக்கியுள்ள விடுதி ஷின்ஜுகு நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கபுகிச்சோவை ஒட்டி இருக்கிறது. வகுப்புகள் முடிந்து, அன்றைய குறிப்புகளை எழுதி அனுப்பிவிட்டு வெளியே கிளம்ப இரவு ஒன்பது மணியாவது ஆகிவிடும் என்பதால், எங்கே சாப்பிடுவதாக இருந்தாலும் அந்த நேரத்திற்குப் பிறகுதான்.

சூடான சாற்றில் நூடுல்ஸ் இட்டுத் தரும் ஜப்பானிய உணவான ராமென் எப்படிச் செய்யப்படுகிறது என்று படிக்கத் தொடங்கியதிலிருந்து, அதை அதன் ஊரிலேயே ஒரு சிறிய கடையில் அமர்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நான் கோழியும் மீனும் உண்பவள். பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் உண்பதில்லை. தோழி முழுச் சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. நான் சாப்பிடும்போது உடன் அமர்ந்திருந்தால் போதும் என்கிறார். கபுகிச்சோ இரவு விடுதிகளுக்குப் பெயர்போன பகுதி என்பதால், இரண்டு பெண்கள் அந்த நேரத்தில் அங்கே செல்லலாமா என்ற தயக்கம் வீட்டாருக்கு இருக்கிறது. ஜப்பானிய மொழி எங்கள் இருவருக்குமே தெரியாது. கடைக்குள் நுழைந்தது முதல் வெளியே வருவது வரை என்ன நடக்கும், எந்தக் கடை எங்களுக்குப் பொருந்தும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கிழக்குக்கரை பதிலளிக்கிறார்:

சகோதரி, முதலில் உங்கள் வீட்டாரின் தயக்கத்திற்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கபுகிச்சோவில் ஒரு வெளியூர்க்காரர் அச்சமின்றி நுழையக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால், அது ராமென் கடைதான். அங்கே ஏமாற்றப்படுபவர்கள் பெரும்பாலும் விலை தெரியாமல் மேல்மாடி மதுக்கூடங்களுக்குள் அழைத்துச் செல்லப்படுபவர்கள். ராமென் கடையிலோ விலை வாசலிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான கடைகளில் சாப்பிடுவதற்கு முன்பே பணத்தைச் செலுத்திவிடுகிறீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு எவரும் உங்களிடம் ஒரு யென்கூடக் கூடுதலாகக் கேட்கப் போவதில்லை. அன்பளிப்பு கொடுக்கும் வழக்கமும் அங்கே இல்லை.

போருக்குப் பின் எரிந்து கிடந்த அந்தப் பகுதியில் கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்திற்கு ஓர் அரங்கைக் கட்டத் திட்டமிட்டு, 1948இல் அதற்கேற்றாற்போல் ஊருக்குக் கபுகிச்சோ என்று பெயரும் வைத்தார்கள். அரங்கு மட்டும் கட்டப்படவேயில்லை. அதற்குப் பதிலாக 1956இல் கோமா அரங்கம் வந்தது, திரையரங்குகள் வந்தன, அவற்றைச் சுற்றி மதுக்கூடங்கள் பெருகின. கோமா 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இப்போது, 2015இல் திறக்கப்பட்ட தோஹோ கட்டடம் மாடியில் காட்ஸில்லாவின் தலையோடு நிற்கிறது. திசை தெரியாமல் போனால் அந்தத் தலையைத் தேடுங்கள்; அதன் எதிரே நிலையத்தை நோக்கிச் செல்லும் அகலமான தெருதான் எந்த நேரத்திலும் ஆள் நடமாட்டம் மிகுந்த வழி. இந்த வரலாற்றுக்கும் ராமெனுக்கும் தொடர்பு இருக்கிறது. நள்ளிரவைத் தாண்டிக் கலையும் கூட்டம் வீடு திரும்பும் முன் சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டு இரவை முடித்துக்கொள்வது அங்குள்ள பழக்கம். விடிய விடிய திறந்திருக்கும் ராமென் கடைகள் அங்கே இத்தனை இருப்பதற்கு அதுவே காரணம். எனவே நீங்கள் செல்லும் ஒன்பது மணி அந்தக் கடைகளுக்குத் தாமதமான நேரமே அல்ல.

இனிக் கடையின் நடைமுறை. வாசலிலோ உள்ளே நுழைந்தவுடனோ ஒரு சீட்டு இயந்திரம் நிற்கும். பணத்தை முதலில் போட்டு, அதன் பின் பொத்தானை அழுத்த வேண்டும், சீட்டு விழும், மீதிச் சில்லறையை ஒரு நெம்புகோலைத் திருப்பியோ பொத்தானை அழுத்தியோ பெற்றுக்கொள்ள வேண்டும். பல கடைகளில் இடது பக்க மேல் மூலையில் இருக்கும் பொத்தான்தான் அந்தக் கடையின் தலையாய கிண்ணம். புதிய இயந்திரங்களில் தொடுதிரையும் ஆங்கிலமும் உண்டு. பழைய இயந்திரங்களில் ஜப்பானிய எழுத்து மட்டுமே இருக்கும், அவை 1,000 யென் தாளைத் தவிர வேறு தாளை ஏற்காமலும் இருக்கலாம். 2024 ஜூலை 3 அன்று ஜப்பான் புதிய பணத்தாள்களை வெளியிட்டது. சிறு கடைகள் பலவற்றுக்கு இயந்திரத்தை மாற்றுவது பெருஞ்செலவாகிவிட்டதால், புதிய தாளை ஏற்காத இயந்திரம் இன்னும் எங்காவது எதிர்ப்படக்கூடும். கையில் 100 யென், 500 யென் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது. ஒரு கிண்ணம் ஏறத்தாழ 1,000 யென் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாக முட்டையோ கடற்பாசித் தாளோ சேர்த்தால் விலை ஏறும்.

வரிசையில் நிற்கும் முறை கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் சேர வேண்டும். சில இடங்களில் அழைக்கும் வரை இயந்திரத்தை அணுகவே கூடாது. முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும். அமர்ந்தவுடன் சீட்டை மேடையின் மேல் வைத்துவிட வேண்டும். தண்ணீர் இலவசம், பெரும்பாலும் நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். பையை இருக்கைக்குக் கீழே உள்ள கூடையிலோ பின்னால் உள்ள கொக்கியிலோ வைக்கலாம்.

உங்கள் தோழி உடன் அமர்ந்திருப்பது பற்றித்தான் எனக்குக் கவலை. பத்து இருக்கைகூட இல்லாத கடைகள் பல. வெளியே காத்திருப்பவர்களின் பொறுமையில்தான் அந்தக் கடையே நடக்கிறது. ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்க வேண்டும் என்று பல கடைகள் எழுதியே வைத்திருக்கின்றன. சாப்பிடாமல் ஒருவர் இருக்கையை நிரப்புவதை அங்கே மரியாதைக் குறைவாகவே கருதுவார்கள். ஆகையால் இருவரும் சாப்பிடக்கூடிய கடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் நீங்கள் மட்டும் தனியாகச் சென்று வாருங்கள். தனியே வந்து சாப்பிடுவது அங்கே மிக இயல்பானது. பெண்கள் தனியாக வருவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உண்மையான கபுகிச்சோ ராமென் எது என்று கேட்டால், சிறு மதுக்கூடங்கள் நெருங்கி நிற்கும் கோல்டன் காய் சந்துகளுக்குள் இருக்கும் நாகி கடையைத்தான் நான் சொல்வேன். செங்குத்தான குறுகிய படியில் ஏறி, மாடியில் ஒரு சில இருக்கைகளுக்கு நடுவே அமர்ந்து, காய்ந்த சிறு மீன்களைக் கொண்டு காய்ச்சிய கடுமையான மணமுள்ள அந்தச் சாற்றைக் குடிப்பதற்கு ஈடான அனுபவம் அந்தப் பகுதியில் வேறில்லை. கருவாட்டு மணத்தோடு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது.

வெந்தயம் பதிலளிக்கிறார்:

கிழக்குக்கரை அவர்கள் சொன்ன நடைமுறைகள் அனைத்தும் சரியே. ஆனால் நாகியைப் பரிந்துரைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் நீலமணி அவர்களின் உணவு வரம்பு. மீன் மணம் வீசுவதாலேயே ஒரு ராமெனில் பன்றி சேரவில்லை என்று கொள்ள முடியாது. மீன் சாற்றோடு பன்றி எலும்பையோ கோழி எலும்பையோ சேர்த்துக் காய்ச்சுவது ஜப்பான் முழுவதும் உள்ள வழக்கம். மேலே அடுக்கும் இறைச்சியும் பெரும்பாலும் பன்றிதான்.

ஒரு கிண்ணம் எப்படி அமைகிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே பன்றி நுழைகிறது என்பது விளங்கிவிடும். முதலாவது, எலும்பும் மீனும் காய்கறியும் கொதித்த சாறு. இரண்டாவது, கிண்ணத்தின் அடியில் ஊற்றப்படும் தாரெ என்னும் உப்புச் சரக்கு. ராமெனை ஷோயு (சோயா நீர்), ஷியோ (உப்பு), மிசோ (புளித்த சோயா விழுது) என்று பிரித்துச் சொல்வது இந்தச் சரக்கை வைத்துத்தான். தொன்கொத்சு என்ற பெயர் மட்டும் பன்றி எலும்புச் சாற்றைக் குறிப்பது. மூன்றாவது, மேலே மிதக்கவிடும் மண எண்ணெய். நான்காவது நூடுல்ஸ், ஐந்தாவது மேலே வைக்கும் பொருள்கள். பன்றி இவற்றில் மூன்று இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் வரும். சாற்றில் வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாஷு எனப்படும் பன்றி இறைச்சியை வேகவைத்த சோயா நீரையே பல கடைகள் தாரெயாகப் பயன்படுத்துகின்றன. மண எண்ணெயும் பல இடங்களில் பன்றிக் கொழுப்புதான். ஆகவே இறைச்சித் துண்டை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதால் அந்தக் கிண்ணம் உங்களுக்கு ஏற்றதாகிவிடாது. தெளிந்த ஷியோ ராமென் பார்ப்பதற்கு எளிய காய்கறிச் சாறு போலத் தெரியும். அதிலும் கோழி, மீன், பன்றி ஆகிய எதுவும் இருக்கலாம்.

வெண்மையான தொன்கொத்சு உங்களுக்கு முற்றிலும் விலக்கு. பன்றி எலும்பைப் பல மணி நேரம் அடங்காத கொதியில் வைப்பதால், எலும்பிலிருந்து கரையும் ஊன்பசையும் கொழுப்பும் நீரோடு ஒன்றிப் பால் போன்ற நிறம் பெறுவதுதான் அது. அதே முறையில் கோழி எலும்பைக் காய்ச்சினால் தோரி பைதான் கிடைக்கும். கடையின் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைக் கண்டால் உள்ளே சென்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராமென் ஜிரோவின் கிளை ஒன்றும் கபுகிச்சோவில் உண்டு. 1968இல் தொடங்கி, பின்னர் மிதா பகுதியில் நிலைபெற்ற அந்தக் கடையின் வழியில், கொழுத்த பன்றி இறைச்சியும் முளைப்பயிறும் முட்டைக்கோசும் மலைபோலக் குவித்துத் தருவார்கள். நீண்ட வரிசையைப் பார்த்து ஆவலில் நின்றுவிட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் கடை இச்சிரானின் நிஷி-ஷின்ஜுகு கிளை. இச்சிரான் ஃபுகுவோகாவிலிருந்து வளர்ந்த பெரிய நிறுவனம். அதன் மற்றக் கிளைகள் தொன்கொத்சுவுக்கே பெயர் பெற்றவை, கிழக்கு வாயில் பக்கம் உள்ள கிளையும் அப்படித்தான். நிலையத்தின் மேற்குப் பக்கம் உள்ள இந்த ஒரு கிளையில் பன்றியே சேர்க்காத ராமெனைத் தருவதாக அவர்களே அறிவித்திருக்கிறார்கள். கிளையின் பெயரைச் சரிபார்த்துச் செல்வது மிக முக்கியம். ஆளுக்கொரு தடுப்புப் பலகைக்குள் அமர்ந்து, ஆங்கிலமும் உள்ள தாளில் நூடுல்ஸின் பதம், பூண்டு, காரம், சாற்றின் அடர்த்தி ஆகியவற்றை வட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய முறை கிடையாது.

தோழியைப் பற்றி. சைவ ராமென் டோக்கியோவில் இருக்கிறது, ஆனால் சாதாரணக் கடைக்குள் சென்று இறைச்சி வேண்டாம் என்று சொல்லிப் பெற முடியாது. தனியாகச் சைவத்திற்கென்று காய்ச்சிய சாறு வேண்டும். டோக்கியோ நிலையத்திற்குள், பயணச்சீட்டு வாயிலைக் கடந்து உள்ளே இருக்கும் டீஸ் தான்தான் கடையில் விலங்குப் பொருள் எதுவுமே பயன்படுத்துவதில்லை. எள்ளும் மிளகாயும் சேர்ந்த அதன் தான்தான்மென் நம் நாக்குக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது விடிய விடிய நடக்கும் கடை அல்ல, ஒன்பது மணிக்குப் பிறகு ஷின்ஜுகுவிலிருந்து புறப்பட்டால் கதவு மூடியிருக்கலாம். வகுப்பில்லாத நாளொன்றின் பகலுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். அஃபுரி கடைகளின் பட்டியலிலும் சைவ ராமென் உண்டு. ஷின்ஜுகு நிலையக் கட்டடத்திலேயே அதற்குக் கிளை இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரே மேடையில் அமர்ந்து சாப்பிட விரும்பினால் அதுவே வழி. சைவக் கிண்ணம் அன்றைக்குக் கிடைக்கிறதா என்பதையும், உங்கள் கிண்ணத்தில் பன்றி சேராமல் தர முடியுமா என்பதையும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

“நாங்கள் பன்றி இறைச்சி, அதன் எலும்புச் சாறு, கொழுப்பு எதுவும் உண்பதில்லை, இதில் அவை உள்ளனவா?” என்ற கேள்வியை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, சீட்டு வாங்கும் முன்பே காட்டுங்கள். வாய்மொழியாக இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், மேலே உள்ள துண்டை எடுத்துவிட்டு அன்போடு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

ஆனைமலை பதிலளிக்கிறார்:

தங்கை நீலமணிக்கு, அங்கே குடியிருந்த ஒரு பெண் என்ற முறையில் தெருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கபுகிச்சோவில் நடப்பது ஆபத்தானதன்று. நின்று பேசுவதுதான் வம்பு. வழிமறித்து வாடிக்கையாளரை அழைப்பதை ஷின்ஜுகு நகர்ப்பகுதி நிர்வாகம் 2013 முதலே விதி போட்டுத் தடுத்திருக்கிறது. அழைப்பவர்களின் பின்னால் செல்லாதீர்கள் என்று தெருவில் ஒலிபெருக்கி எச்சரித்துக்கொண்டே இருக்கும். இருந்தும் அழைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களின் இலக்கு ஆண்கள். பெண்களை அழைப்பவர்கள், ஆண்கள் பெண் வாடிக்கையாளர்களோடு அமர்ந்து பேசி மது பரிமாறும் ஹோஸ்ட் கிளப் எனப்படும் மதுக்கூடங்களைச் சேர்ந்த, நன்றாக உடுத்திய இளைஞர்கள். முதல் முறை வருபவர்களுக்கு மிகக் குறைந்த கட்டணம் என்பார்கள். நல்ல ராமென் கடை காட்டுகிறேன் என்று எவரேனும் முன்வந்தாலும் செல்ல வேண்டாம். நல்ல ராமென் கடை எதுவும் தெருவில் ஆள் நிறுத்தி அழைப்பதில்லை. பதில் சொல்லாமல், நடையின் வேகத்தைக் குறைக்காமல் கடந்துவிட்டால் பின்தொடர மாட்டார்கள்.

விடுதியிலிருந்து நிஷி-ஷின்ஜுகு கடைக்குச் செல்ல நீங்கள் கபுகிச்சோவின் உட்சந்துகளுக்குள் நுழையவே தேவையில்லை. யாசுகுனி பெருந்தெருவைப் பிடித்து மேற்கே நடந்தால், இருப்புப்பாதைப் பாலத்தின் கீழாகக் கடந்து மறுபக்கம் போய்விடலாம். வழி முழுவதும் வெளிச்சமும் வாகனங்களும் இருக்கும். ஒளிவிளக்குப் பலகைகளையும் காட்ஸில்லாவையும் பார்க்கும் ஆசை இருந்தால் சாப்பிடும் முன்பே, பத்து மணிக்குள் பெரிய தெருக்கள் வழியாக ஒரு சுற்று போய் வந்துவிடுங்கள். அந்தத் தெருக்களின் இரவழகைக் காணாமல் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரம் ஏற ஏறக் குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்கள் பெருகுவார்கள். அவர்களாலும் பொதுவாகத் தொல்லை இல்லை, ஆனால் அந்தக் காட்சி முதல் முறை வருபவர்களுக்கு மனச்சங்கடம் தரும். கபுகிச்சோவுக்குள்ளேயே காவல் சாவடி இருக்கிறது. காவல்துறையை அழைக்கும் எண் 110. டாக்ஸியில் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை கட்டணம் 20 விழுக்காடு கூடும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீலமணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாரெயிலும் எண்ணெயிலும் பன்றி இருக்கக்கூடும் என்பது நான் சற்றும் எண்ணிப் பார்க்காத செய்தி. ஒரு நாள் இரவு நான் மட்டும் நிஷி-ஷின்ஜுகு கடைக்குச் செல்வது, விடுமுறை நாளில் இருவருமாக டோக்கியோ நிலையத்திற்குச் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். உறிஞ்சி ஒலி எழுப்பித்தான் சாப்பிட வேண்டுமா? எனக்கு இரத்த அழுத்தத்திற்கு மருந்து தொடர்வதால், சாறு முழுவதையும் குடிக்காமல் வைத்துவிட்டால் சமைத்தவர் மனம் வருந்துவாரா?

வெந்தயம்:

சாற்றை மீதம் வைப்பதை எவரும் தவறாகக் கொள்ள மாட்டார்கள். அங்குள்ளவர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் மீதம் வைக்கத்தான் வேண்டும். ஒரு கிண்ணத்தைச் சாறு மிஞ்சாமல் குடித்தால் 5 முதல் 6 கிராம் உப்பு உள்ளே போகும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த உப்பின் பெரும்பகுதி சாற்றில்தான் இருக்கிறது. நூடுல்ஸை முழுவதும் உண்டு, சாற்றைச் சுவைக்காகச் சில கரண்டி மட்டும் அருந்துங்கள். இச்சிரான் தாளில் சுவையின் அழுத்தத்தைக் குறைத்துக் குறிக்கும் வசதி உண்டு, அதையும் பயன்படுத்துங்கள். அன்றைய மற்ற வேளைகளில் ஊறுகாயும் அப்பளமும் பையிலிருந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

கிழக்குக்கரை:

வெந்தயம் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். பன்றி உண்ணாதவருக்கு நாகி பொருந்தாது.

உறிஞ்சுவது கட்டாயமில்லை, ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. கொதிக்கும் சாற்றிலிருந்து எடுத்த நூடுல்ஸைக் காற்றோடு சேர்த்து இழுக்கும்போது அது ஆறுகிறது. சாற்றின் மணமும் மூக்குவரை ஏறுகிறது. மெதுவாக ஆற்றி ஆற்றி உண்ணலாம் என்று காத்திருந்தால், சூட்டிலேயே ஊறி நூடுல்ஸ் குழைந்துவிடும். கன்சுய் என்னும் காரநீர் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா உப்பைப் போன்ற காரத்தன்மை) சேர்த்துப் பிசைவதால்தான் அதற்கு அந்த மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் வருகின்றன. அதைச் சமைத்தவர் எதிர்பார்த்த பதத்தில் உண்பதற்கு நமக்குக் கிடைப்பவை முதல் சில நிமிடங்களே. ஆகவே கிண்ணம் வந்தவுடன் ஒரு படம் எடுத்தால் போதும். கைப்பேசியை வைத்துவிட்டு உடனே தொடங்கிவிடுங்கள். முதலில் சாற்றை ஒரு கரண்டி, பிறகு நூடுல்ஸ். நூடுல்ஸ் தீர்ந்து இன்னும் பசித்தால் காயெதாமா என்று கேளுங்கள், அந்த வசதி உள்ள கடைகளில் நூடுல்ஸ் மட்டும் மறுபடியும் தருவார்கள். அதற்குச் சாறு மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் உங்கள் மருத்துவக் காரணமும் அங்கே ஒத்துப்போகிறது.

சாப்பிட்டவுடன் எழுந்துவிடுவதே அங்கு மரியாதை. வேறு கடைகளுக்குச் செல்லும் நாளில் கிண்ணத்தை மேடையின் மேல்தட்டில் தூக்கி வைத்து, முன்னால் சிந்தியதை அங்கேயே இருக்கும் துணியால் துடைத்துவிட்டு, “கொச்சிசோசாமா தெஷ்தா” (உணவுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுப்பின் முன்னால் நிற்பவர் வேலையிலிருந்து தலை நிமிராமலே உரக்க நன்றி சொல்வார். நவம்பர் இரவில் வெளியே குளிர் அடிக்கும், கடைக்குள் புழுங்கும். எளிதில் கழற்றக்கூடிய மேற்சட்டையாக அணிந்து செல்லுங்கள்.